கதவுக்கு வெளியே நின்ற குரல்

1947ஆம் ஆண்டு பிப்ரவரி 13. வியாழக்கிழமை இரவு. ஜெர்மனியின் ஹம்பர்க் நகரம்.

போர் முடிந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. 1943 ஜூலையில் விழுந்த குண்டுகளில் நகரத்தின் வீடுகளில் ஏறக்குறைய பாதி தரைமட்டம். 30,000 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். மிஞ்சியவர்கள் உடைந்த சுவர்களுக்கு அட்டையும் தகரமும் வைத்து அடைத்துக்கொண்டு வாழ்கிறார்கள். அந்தக் குளிர்காலத்துக்கு ஜெர்மானியர்கள் இன்றும் 'பசிக் குளிர்காலம்' என்றுதான் பெயர் சொல்கிறார்கள். அடுப்பெரிக்க நிலக்கரி இல்லை. ஓடுகிற ரயிலில் ஏறிக் கரியைத் திருடிய காலம் அது. கரி இல்லாவிட்டால் மின்சாரமும் இல்லை. பேட்டை பேட்டையாக, முறை வைத்து, விளக்கை அணைப்பார்கள்.

மின்சாரம் இருந்த வீடுகளில் வானொலி பாடிக்கொண்டிருந்தது. அன்றிரவு அதிலிருந்து ஒரு மனிதன் பேச ஆரம்பித்தான். சைபீரியாவிலிருந்து திரும்பி வந்த சிப்பாய். முழங்கால் மடங்காது. சட்டைப்பையில் எதுவுமில்லை. வீட்டுக்குப் போனால் மனைவி பக்கத்தில் வேறொருவன். ஒரு வயதுப் பிள்ளை இடிபாட்டுக்கு அடியில். ஊரில் எந்தக் கதவைத் தட்டினாலும் ஏதோ ஒரு காரணம் சொல்லிச் சாத்திவிடுகிறார்கள்.

அந்தச் சிப்பாயின் பெயர் பெக்மான். அந்தக் குரலின் சொந்தக்காரர் ஹான்ஸ் குவெஸ்ட். வயது 31.

இந்த வாரம் அந்தக் குரலைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஜெர்மானிய நடிகருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நேரடியாக ஒன்றும் இல்லை. மைக்கின் முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிற ஒருத்தி என்ற முறையில் எனக்கு மட்டும் கொஞ்சம் இருக்கிறது.

ஊடகவியல் படித்த காலத்தில், ஒலி நாடக வகுப்பில், எங்கள் விரிவுரையாளர் ஒருநாள் எதுவும் சொல்லாமல் இந்தப் பதிவை ஓடவிட்டார். வகுப்பில் ஒருவருக்கும் ஜெர்மன் தெரியாது. பத்து நிமிடம் கழித்து நிறுத்தி, "என்ன நடக்குது?" என்றார். பின் வரிசையில் இருந்த மாணவன், "ஒருத்தன் உள்ளே விடச் சொல்லிக் கேட்குறான், விட மாட்டேங்குறாங்க" என்றான். எங்களில் பாதிப் பேருக்கு அதேதான் தோன்றியிருந்தது. ஒரு சொல்கூடப் புரியாமல் அது எப்படிப் புரிந்தது என்று அன்று முதல் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கேட்பதற்கென்றே ஒரு நாடகம்

ஜெர்மன் மொழியில் வானொலி நாடகத்துக்கு 'ஹோர்ஷ்பீல்' என்று பெயர். கேட்கும் நாடகம் என்று பொருள். முதல் நாடகம் 1924 அக்டோபரில் பிராங்க்பர்ட் நிலையத்தில் ஒலிபரப்பானது. எழுதியவர் அந்த நிலையத்தை நடத்திய ஹான்ஸ் ஃபிளெஷ். நிலையத்துக்குள்ளேயே ஏதோ குளறுபடி நடப்பது போல எழுதி, கேட்பவர்களைக் கொஞ்சம் ஏமாற்றிப் பார்த்த நாடகம் அது. மேடை நாடகத்தை மைக் வைத்துப் பிடித்து அனுப்புவதல்ல, காதுக்காகவே பிறக்கும் தனிக் கலை இது என்ற எண்ணம் அங்கே அப்போதே வேரூன்றிவிட்டது. பிறகு ஹிட்லர் ஆட்சி வந்தது. வானொலி கோயபல்சின் கைக்குப் போனது. வீட்டுக்கு வீடு மலிவு விலை வானொலிப் பெட்டி, அதில் ஓயாத கூச்சல்.

ஆகவே 1945க்குப் பிறகு ஜெர்மானியக் காதுக்கு வானொலிக் குரல் மீது நம்பிக்கை இருந்திருக்க நியாயமில்லை. ஹம்பர்க் நிலையத்தை ஆங்கிலேயர்கள் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்து, வடமேற்கு ஜெர்மன் வானொலி என்ற பெயரில் நடத்தினார்கள். பொறுப்பில் இருந்தவர் ஹியூ கார்ல்டன் கிரீன். நாவலாசிரியர் கிரஹாம் கிரீனின் தம்பி, பிற்காலத்தில் பிபிசியின் தலைமை இயக்குநர். அங்கே நாடகப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் எர்ன்ஸ்ட் ஷ்னாபெல் என்ற எழுத்தாளர். அவர் கைக்குத்தான் அந்தப் பிரதி வந்து சேர்ந்தது.

எழுதியவனுக்கு வயது 25. பெயர் வொல்ப்காங் போர்ஹெர்ட். படுத்த படுக்கை.

போர்ஹெர்ட்டின் கதையைச் சொல்லாமல் குவெஸ்ட்டின் கதையைச் சொல்ல முடியாது. போர்ஹெர்ட்டும் நடிகன்தான். 1941இல் லூனபர்க் ஊரில் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்து மூன்று மாதம் மேடை ஏறினான். வாழ்க்கையில் மிக நன்றாக இருந்த காலம் அந்த மூன்று மாதம்தான் என்று சொல்லலாம். உடனே பட்டாளத்துக்கு இழுத்துவிட்டார்கள். ரஷ்யப் போர்முனை. குளிரும் காய்ச்சலும் கல்லீரலைக் கெடுத்தன. நடுவில் சிறை. சக சிப்பாய்களுக்கு முன்னால் கோயபல்ஸ் போலப் பேசிக் காட்டிச் சிரிக்க வைத்தான் என்று ஒன்பது மாதத் தண்டனை. மிமிக்ரி செய்ததற்குச் சிறை! போர் முடிந்ததும் பிரெஞ்சுக்காரர்கள் பிடியிலிருந்து தப்பி, சுமார் 600 கிலோமீட்டர் நடந்தே ஹம்பர்க் வந்தான். அதன்பிறகு அதிக நாள் எழுந்து நடமாடவில்லை.

படுக்கையில் கிடந்தபடி எட்டு நாளில் எழுதி முடித்தது இந்த நாடகம் என்று சொல்வார்கள். எந்த நாடகக் கொட்டகையும் இதைப் போட விரும்பாது, எந்த ரசிகனும் பார்க்க விரும்பமாட்டான் என்ற அர்த்தத்தில் அவனே முகப்பில் ஒரு குறிப்பு எழுதி வைத்தான். ஷ்னாபெலுக்குப் பிரதி பிடித்துவிட்டது. தலைப்பு மட்டும் அவர் யோசனையில் மாறியது. 'கதவுக்கு வெளியே' என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். இயக்கியவர் லுட்விக் கிரேமர். பெக்மானாக நடிக்க வந்தவர் ஹான்ஸ் குவெஸ்ட்.

குவெஸ்ட் பிறந்தது 1915இல், ஹெர்ஃபோர்ட் என்ற ஊரில். மேடை நடிகர். இந்த நாடகத்துக்கு முன் அவர் செய்தவற்றை இன்று அதிகம் பேர் நினைவில் வைத்திருக்கவில்லை. நடிகர்களின் வாழ்க்கை பெரும்பாலும் அப்படித்தான். திரை விழுந்ததும் அன்றைய வேலை காற்றோடு போய்விடும்.

மைக்குக்கு முன்னால் பெக்மான்

பெக்மான் ஒரு மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறான். சாதாரணக் கண்ணாடி அல்ல. விஷவாயு முகமூடிக்குள் போட்டுக்கொள்ள ராணுவம் கொடுத்த தகரக் கண்ணாடி. சொந்தக் கண்ணாடி போரில் உடைந்துவிட்டது. இது இல்லாவிட்டால் அவனுக்குக் கண் தெரியாது. இருந்தால், பார்க்கிறவர்களுக்குப் பயமாக இருக்கிறது.

வானொலியில் கண்ணாடியை எப்படிக் காட்டுவது? போர்ஹெர்ட் செய்தது எளிமையான வேலை. பெக்மான் போகிற இடமெல்லாம் ஆட்கள் அந்தக் கண்ணாடியைப் பார்த்துத் திடுக்கிடுகிறார்கள். ஒருத்தி சிரிக்கிறாள், ஒருத்தி நடுங்குகிறாள், ஒருவர் கழற்றச் சொல்கிறார். நாம் கண்ணாடியைப் பார்ப்பதில்லை. அதைப் பார்க்கிறவர்களின் குரலைக் கேட்கிறோம். நாடகம் முடிவதற்குள் அந்தத் தகரக் கண்ணாடி நம் மூக்கின் மேலேயே உட்கார்ந்துவிடுகிறது.

இன்னொன்று. பெக்மான் எல்ப நதியில் குதித்துச் சாகப் பார்க்கிறான். நதி பேசுகிறது. கனிவான நதித்தாய் அல்ல, வாயாடிக் கிழவி. இவ்வளவு சின்ன வயதில் என்ன சாவு, போ என்று திட்டிக் கரையில் தூக்கி எறிந்துவிடுகிறாள். கடவுள் வருகிறார், யாரும் நம்பாத கிழவராக, அழுதுகொண்டு. மரணம் வருகிறது, தின்று கொழுத்து ஏப்பம் விடும் சவ அடக்கக்காரராக. மேடையில் நதிக்கு என்ன உடை போடுவீர்கள்? வானொலிக்கு அந்தத் தொல்லை இல்லை. குரல் வந்தால் நதி வந்துவிட்டது.

நடுவில் ஒரு காட்சி. பெக்மான் தன் பழைய கர்னலின் வீட்டுக்குப் போகிறான். கர்னல் குடும்பத்தோடு இரவு உணவில் இருக்கிறார்; வீடு கதகதப்பாக இருக்கிறது. ரஷ்யாவில் ஒருநாள் கர்னல் இருபது பேரை பெக்மானிடம் ஒப்படைத்து, பொறுப்பு உன்னுடையது என்றார். பதினொரு பேர் திரும்பவில்லை. அந்தப் பதினொரு பேரின் வீட்டார் இரவுதோறும் கனவில் வந்து கேட்கிறார்கள். தூங்க முடியவில்லை. அதனால் அந்தப் பொறுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வந்திருக்கிறான். வேறு எதையும் கேட்கவில்லை. தன் கனவையும் சொல்கிறான்: மனித எலும்புகளால் செய்த பெரிய சைலோபோனை ஒரு ஜெனரல் வாசிக்கிறார். கர்னலுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விழுந்து விழுந்து சிரிக்கிறார். நல்ல நகைச்சுவையாக இருக்கிறதே தம்பி, இதை மேடையில் செய்யலாமே என்கிறார்.

இந்தக் காட்சியில் நடிகனுக்குப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. தொடக்கத்திலேயே கத்திவிட்டால் முடிவில் ஏற இடமிருக்காது. அடக்கியே பேசினால் கர்னலின் சிரிப்பு எடுபடாது. குவெஸ்ட் கெஞ்சலில் தொடங்கி, பைத்தியத்தின் விளிம்பு வரை போகிறார். அடுத்த நிமிடமே பசியோடு மேசையிலிருந்து ரொட்டியையும் மதுப்புட்டியையும் எடுத்துக்கொண்டு கிளம்புகிற ஏழை ஆளாகச் சுருங்கிவிடுகிறார். இதெல்லாம் ஒரு சாண் தூரத்தில் இருக்கும் மைக்குக்கு. மேடைப் பழக்கம் உள்ளவர்கள் மைக்கின் முன் செய்யும் முதல் தப்பு, கடைசி வரிசைக்கு எட்ட வேண்டும் என்று பேசுவது. எங்கள் நிலையத்துக்குக் குரல் தேர்வுக்கு வருகிற மேடைக் கலைஞர்கள் பலரிடமும் இதைப் பார்க்கிறேன். (நானும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் கத்தினேன். பதிவுகளை யாருக்கும் போட்டுக் காட்டமாட்டேன்.) மைக்குக்குக் கடைசி வரிசை கிடையாது. ஒரே ஒரு ஆள்தான் எதிரில். அவர் காதுக்குப் பக்கத்தில் நீங்கள் நிற்கிறீர்கள்.

கேட்காமல் போன ஒருவர்

ஒலிபரப்பு நடந்த இரவில் போர்ஹெர்ட் தன் நாடகத்தைக் கேட்கவில்லை. அவன் இருந்த பகுதியில் மின்வெட்டு. ஊரே கேட்டுக்கொண்டிருக்க, எழுதியவன் இருட்டில் படுத்துக் கிடந்தான்.

இதை முதன்முதலில் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

நாடகத்தின் கடைசிக் கட்டத்தில் பெக்மான் எல்லாரையும் கூப்பிடுகிறான். கடவுளை, கூடவே வந்த நிழல் போன்ற மனிதனை, உலகத்தை. யாராவது பதில் சொல்லமாட்டீர்களா என்று கேட்கிறான். நாடகத்துக்குள் பதில் வரவில்லை. அப்படியே முடிகிறது. ஆறுதல் கிடையாது.

பதில் வெளியிலிருந்து வந்தது. கடிதங்கள். நிலையத்துக்கும் போர்ஹெர்ட்டுக்கும் குவிந்தன. சிறை முகாமிலிருந்து வந்தவர்கள், கணவனை இழந்தவர்கள், தங்கள் வீட்டிலேயே ஒரு பெக்மான் இருக்கிறான் என்று எழுதியவர்கள். திட்டியும் எழுதினார்கள், இவ்வளவு கசப்பு வேண்டுமா, போதாதா நாங்கள் பட்டது என்று. அதுவும் பதில்தானே. நாடகத்தை மறுபடி மறுபடி ஒலிபரப்பினார்கள். மற்ற ஜெர்மன் நிலையங்களும் எடுத்துப் போட்டன. முன்பின் தெரியாத ஆட்கள் போர்ஹெர்ட்டின் கட்டில் வரை வந்து பார்த்தார்கள்.

வானொலியில் இருப்பவர்களுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும். சில வருடத்துக்கு முன் இரவு நேர நிகழ்ச்சி செய்துகொண்டிருந்தேன். அதிகாலை இரண்டு மணிக்கு யார் கேட்கிறார்கள், சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றும். ஒருநாள் அலுப்பில், "யாராச்சும் முழிச்சிருக்கீங்களா?" என்று வெறுமனே கேட்டுவிட்டுப் பாட்டைப் போட்டேன். பாட்டு முடிவதற்குள் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி. பின்னணியில் எஞ்சின் இரைச்சல். "தங்கச்சி, நான் ஈப்போ தாண்டி லாரி ஓட்டிக்கிட்டு இருக்கேன். நீங்க பேசுறதை நிறுத்திடாதீங்க, தூக்கம் வருது." அதற்குப் பிறகு அந்த நேரத்தில் நான் அலட்சியமாகப் பேசியதில்லை. என் வேலை எங்கே, குவெஸ்ட்டின் வேலை எங்கே, ஒப்பிடவில்லை. இருட்டுக்குள் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்பது மட்டும் கொஞ்சம் தெரியும்.

குரலுக்கு முகம் வந்தபோது

ஹம்பர்க்கில் ஹார்டுங் தெருவில் ஒரு சிறிய நாடக அரங்கு. பெயர் காமர்ஷ்பீலெ. நாஜி காலத்தில் மற்ற மேடைகளிலிருந்து துரத்தப்பட்ட யூதக் கலைஞர்கள் கொஞ்ச காலம் நாடகம் போட்ட கட்டடம் அது. 1945 டிசம்பரில் அதை மறுபடி திறந்தவர் இடா ஏரெ. யூதப் பெண், நடிகை. நடிக்கத் தடை, சிறை, எல்லாவற்றையும் தாண்டி உயிரோடு மிஞ்சியவர். அவர்தான் இந்த வானொலி நாடகத்தை மேடைக்குக் கொண்டுவர வேண்டும் என்று போர்ஹெர்ட்டைக் கேட்டார்.

இயக்குநராக வந்தவர் வொல்ப்காங் லீபனைனர். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். லீபனைனர் நாஜி ஆட்சியில் ஊஃபா திரைப்பட நிறுவனத்தின் தயாரிப்புத் தலைவராக இருந்தவர். நோயாளிகளைக் கொல்வதை நியாயப்படுத்தும் படம் ஒன்றை 1941இல் இயக்கியவர். அப்படிப்பட்டவர், யூதப் பெண்மணி நடத்தும் அரங்கில், போரில் சீரழிந்த சிப்பாயின் கதையை இயக்குகிறார். சரியா, தவறா? போருக்குப் பிந்திய ஜெர்மனியில் ஒரு நாடகம் போட வேண்டுமானால், கை சுத்தமான ஆட்கள் மட்டும் என்று பார்த்தால் திரையைத் தூக்கவே ஆள் இருந்திருக்கமாட்டார்கள் போலும். இருந்தாலும் எனக்கு அது உறுத்துகிறது. யார் பொறுப்பு என்று கேட்கும் நாடகம் இது.

பெக்மானாக மறுபடியும் குவெஸ்ட். ஒன்பது மாதமாகக் குரலாக மட்டும் இருந்தவருக்கு இப்போது உடம்பு வந்தது. கிழிந்த ராணுவக் கோட்டு, மடங்காத கால், அந்தக் கண்ணாடி. வானொலியில் கேட்டவர்கள் மனதில் ஆளுக்கொரு பெக்மான் இருந்திருப்பான். போரில் தொலைந்த அண்ணன் முகத்தில், மகன் முகத்தில். மேடையில் வந்து நின்றால் அத்தனை முகமும் அழிந்து ஒரே முகமாகிவிடும். குரலால் அறியப்பட்டவர்கள் எல்லாருக்கும் இந்தப் பயம் உண்டு. கடை திறப்பு விழாவுக்குப் போனால், "ரேடியோவுல கேட்கும்போது வேற மாதிரி நினைச்சேன்" என்று முகத்துக்கு நேராகச் சொல்வார்கள். சிரித்துக்கொண்டு புகைப்படம் எடுத்துக்கொள்வோம்.

முதல் காட்சி 1947 நவம்பர் 21. நண்பர்களும் பதிப்பாளர்களும் சேர்ந்து போர்ஹெர்ட்டை செப்டம்பரில் சுவிட்சர்லாந்துக்குச் சிகிச்சைக்கு அனுப்பியிருந்தார்கள். பாசெல் நகரத்து மருத்துவமனையில் நவம்பர் 20ஆம் தேதி அவன் இறந்துபோனான். வயது 26. மேடை ஏறுவதற்கு ஒருநாள் முன்பு.

செய்தி ஹம்பர்க் வந்து சேர்ந்தது. நாடகம் தொடங்கும் முன் இடா ஏரெ மேடைக்கு வந்து அரங்கத்திடம் சொன்னார். அதன்பிறகு குவெஸ்ட் நடிக்க வேண்டும்.

அதை யோசித்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல், ஏறக்குறைய எல்லாக் காட்சியிலும் மேடையில் நிற்க வேண்டிய வேடம். சாகப் பார்க்கிறவனின் வேடம். அதை எழுதியவன் முந்தைய நாள் செத்துப்போயிருக்கிறான். அவனும் நடிகன், உடம்பு ஒத்துழைத்திருந்தால் அந்த வேடத்தைத் தானே போட ஆசைப்பட்டிருக்கக்கூடியவன். வானொலியில் கேட்க முடியாமல் போனான். மேடையிலும் பார்க்க முடியாமல் போனான். அச்சில் வந்த நாடகத்தை அவன் யாருக்குச் சமர்ப்பித்திருந்தான் தெரியுமா? ஹான்ஸ் குவெஸ்ட்டுக்கு.

அந்த மேடை நடிப்பு நமக்குக் கிடைக்காது. முழுமையாகக் கிடைப்பது வானொலிப் பதிவுதான்.

தெருவைக் காலி செய்தவர்

1949இல் லீபனைனர் இதே கதையைத் திரைப்படமாக எடுத்தார். அதில் பெக்மானாக நடித்தவர் கார்ல் ஜான். கதையில் காதலைச் சேர்த்து, முடிவில் கொஞ்சம் நம்பிக்கையையும் கலந்துவிட்டார்கள். குவெஸ்ட் வேறு வழியில் போனார். நடிப்போடு இயக்கத்துக்கும் வந்தார்.

அடுத்து அவர் என்ன மாதிரிப் படங்கள் எடுத்தார் என்று தேடியபோது எனக்கு ஆச்சரியம். 1955இல் ஹைன்ஸ் ரூமான் என்ற பெரிய நகைச்சுவை நடிகரை வைத்து ஒரு குடும்பப் படம். பழைய கோமாளி ஒருவரும் அவர் வளர்க்கும் சிறுவனும். அதில் ரூமான் பிள்ளையைத் தூங்க வைக்கப் பாடும் 'லா லெ லு' பாட்டை இன்றும் ஜெர்மானியத் தாய்மார்கள் தாலாட்டாகப் பாடுகிறார்கள். எந்தப் படத்துப் பாட்டு என்று தெரியாமலே பாடுகிறவர்கள் அதிகம். அடுத்த ஆண்டு மறுபடி ரூமானை வைத்து, ஆண் பெண் வேடம் போடும் 'சார்லியின் அத்தை'.

பெக்மானாகக் கதறியவர் தாலாட்டுப் படம் எடுத்தாரா? சில விமர்சகர்கள் ஐம்பதுகளின் ஜெர்மன் சினிமாவையே மறதி மருந்து என்று ஒதுக்குவார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. குழந்தையை இடிபாட்டில் பறிகொடுத்த தகப்பனாக நடித்த ஒருவர், எட்டு வருடம் கழித்து ஒரு சிறுவன் நிம்மதியாகத் தூங்கும் காட்சியை இயக்கினால், அதில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை.

பிறகு தொலைக்காட்சி. இங்கிலாந்தின் ஃபிரான்சிஸ் டர்பிரிட்ஜ் அடிப்படையில் வானொலி எழுத்தாளர். அவருடைய துப்பறியும் வானொலித் தொடர்கள் ஜெர்மனியிலும் பெரும் வரவேற்புப் பெற்றவை. அத்தியாயம் முடியும்போது கேட்பவரைத் தொங்கலில் விட்டுவிடும் வித்தை அவருக்குக் கைவந்தது. அவருடைய கதைகளை ஜெர்மன் தொலைக்காட்சி எடுத்தபோது பலவற்றை இயக்கியவர் குவெஸ்ட். 1960இல் ஒன்று. 1962 ஜனவரியில் 'கழுத்துத் துணி' என்று தமிழில் சொல்லக்கூடிய ஆறு பகுதித் தொடர். ஓர் இளம்பெண்ணைக் கழுத்துத் துணியால் நெரித்துக் கொன்றவன் யார்? இரண்டு வாரம் நாடே அதைத்தான் பேசியது. பார்வையாளர் அளவு 89 விழுக்காடு வரை போனது. திரையரங்குகளும் உணவகங்களும் காற்று வாங்கின. வொல்ப்காங் நொய்ஸ் என்ற நகைச்சுவைக் கலைஞர், கொலைகாரன் யார் என்று முடிவுக்கு முன்பே பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துப் போட்டு உடைத்துவிட்டார். மக்கள் கொதித்துப்போனார்கள். 'பில்ட்' பத்திரிகை அவரைத் தேசத்துரோகி என்றே எழுதியது! அந்த வார்த்தையின் உண்மையான கனம் என்னவென்று தெரிந்த தலைமுறை அது. ஒரு துப்பறியும் தொடருக்காக அதைச் செலவழித்தார்கள்.

இப்படித் தெருவில் ஆளே இல்லாமல் செய்யும் தொடர்களுக்கு ஜெர்மன் மொழியில் ஒரு பட்டப்பெயர் உண்டு. 'ஷ்ட்ராசன்ஃபேகர்'. தெருவைப் பெருக்குபவர் என்று பொருள். பெக்மானின் நாடகத்துக்குத் திரும்பிப் பாருங்கள். கடைசிக் காட்சியில் மரணம் மறுபடி வருகிறது. இந்த முறை அது போட்டிருப்பது தெருவைப் பெருக்குபவரின் உடை. நாடகத்தில் அந்தப் பாத்திரத்தின் பெயரும் அதே சொல்தான்.

தற்செயல்தான். யாரும் திட்டமிடவில்லை. பதினைந்து வருட இடைவெளியில் அதே நடிகரைச் சுற்றி அந்தச் சொல் எப்படி மாறிவிட்டது என்று நினைத்தால் எனக்கு விநோதமாக இருக்கிறது. 1947இல் அவர் குரல் தெருவில் நின்றது, கதவுகள் சாத்தியிருந்தன. 1962இல் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே சூடாக உட்கார்ந்து அவர் இயக்கிய தொடரைப் பார்த்தார்கள், தெருவில் யாருமில்லை. கடைசிவரை வீடு கிடைக்காமல் நின்ற பெக்மான்களில் எத்தனை பேர் அந்தப் பார்வையாளர்களில் இருந்தார்கள் என்று கணக்கெடுக்க முடியாது.

அதன்பின் 'டிம் ஃபிரேசர்' என்ற இன்னொரு டர்பிரிட்ஜ் தொடர். குவெஸ்ட் 1997இல் காலமானார். போர்ஹெர்ட்டை ஜெர்மனியில் பள்ளிக்கூடத்தில் பாடமாகப் படிக்கிறார்கள். குவெஸ்ட்டின் பெயர் அந்தப் பாடப்புத்தகத்தின் சமர்ப்பணப் பக்கத்தில் இருக்கும். எத்தனை மாணவர்கள் அந்தப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று தெரியாது.

1947ஆம் ஆண்டு ஒலிப்பதிவு பிற்காலத்தில் குறுந்தட்டாகவும் வெளிவந்தது. ஜெர்மன் தெரியாதே என்று தயங்க வேண்டாம். நான் மேலே சொன்ன கதையே போதும். இரவில் கேளுங்கள், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டு. ஒரு காட்சியில், ஒரு பெண் பெக்மானுக்கு இரக்கப்பட்டு, காணாமல் போன தன் கணவனின் உலர்ந்த சட்டையைக் கொடுத்து வீட்டில் உட்கார வைப்பாள். கொஞ்ச நேரத்தில் ஊன்றுகோல் ஓசை நெருங்கி வரும். டெக், டொக். டெக், டொக். அந்தக் கணவன் ஒற்றைக் காலுடன் வீடு திரும்புகிறான். காலை இழந்தது பெக்மான் கொடுத்த உத்தரவால். அந்த இடத்தில் குவெஸ்ட்டின் மூச்சை மட்டும் கவனியுங்கள்.